ஈசானிய மூலையின் ஒன்பது ஓடுகள்

மேனாம்பேடு
3.11.2025

அன்புள்ள மாமா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அப்பா சொன்னதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் விட்டுவிடவும் மாட்டேன்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் அம்மா அழ ஆரம்பிப்பார், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இதைக் கொண்டுவரும் ஷர்மிளா என்னோடு பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள், உங்களுக்கு அடுத்த தெரு. பதில் எழுதினால் அவளிடமே கொடுக்கலாம்.

நீங்கள் வெயிலுக்காக ஓடு பதித்த மாடி அறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. தீபாவளிக்கு முன்னால் உள்ளங்கை அகலம் இருந்த ஈரம் இப்போது ஒரு முறத்தளவு ஆகிவிட்டது. ஓரம் மஞ்சளாகவும் நடுவில் சாம்பலாகவும் இருக்கிறது. நேற்று முன்தினம் பெய்த மழையில் தண்ணீர் ட்யூப்லைட் பட்டி வழியாகவே சொட்டியது. அப்பா அந்த அறைக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அறை இருட்டாகக் கிடக்கிறது. நான் கீழே டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன்.

தீபாவளியன்று நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனால் நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அப்பா உங்களை மேலே கூட்டிக்கொண்டு போய் டார்ச் அடித்து, "இன்னா மச்சான் இது, கழுத்துல கார்டு மாட்டிகினு வந்து இப்டியா வேல பண்ணுவ, ஒரு மழைக்கே ஊடு ஒழுவுது" என்று கேட்டார். நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு பதிலும் சொல்லவில்லை. அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு, "பதில் இருந்தா சொல்லமாட்டானா" என்று அம்மாவிடம் நான்கு முறை கேட்டார். நீங்கள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. எறும்பு ஏறிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுக் கம்பெனியிலிருந்து 22ஆம் தேதி சனிக்கிழமை ஆள் பார்க்க வருகிறார். வாரண்டித் தாளை அப்பாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: கம்பெனி கார்டு உள்ள மேஸ்திரியின் தவறால் கசிந்தால் கம்பெனியே தன் செலவில் சரிசெய்து தரும், மேஸ்திரியின் கார்டு ரத்தாகும். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால் முறை மாறியிருந்தால் வாரண்டி செல்லாது. அப்பா அந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு ஒரு காகிதம் எழுதச் சொன்னார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

"ஜெகதீசன் அவர்களின் மொட்டை மாடியில் ஓடு பதித்த ஞானசேகரன் ஆகிய நான், ஈசானிய மூலையிலுள்ள ஓடுகளை என் கவனக்குறைவால் முறைப்படி பதிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்திருக்கிறேன். போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்பா கேட்கிறார். இந்த வரி அப்பாவுக்குத் தெரியாது.

பவ்யா


பட்டாபிராம்
7.11.25

பவ்யா பாப்பாவுக்கு மாமா எழுதுவது. நலம். அங்கே அக்கா நலமா.

உன் எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது. எனக்கு இப்படி வராது. எட்டாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் சிரிக்காதே.

காகிதம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறேன். வானகரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் மாடி வேலை ஓடுகிறது. மழை விட்ட நேரம்தான் வேலை. மற்ற நேரம் லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிடக்கிறோம்.

கார்டு பற்றி உனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியும். கார்டு வாங்குவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் காலை ஆறு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில், கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில், கரணையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். வேலைக்குக் கூப்பிடுகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைப் பார்ப்பான். வயசு ஏறினால் முட்டியையும் பார்ப்பான். கம்பெனியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து கார்டு கொடுத்த பிறகு, ஓட்டுக் கடையிலிருந்து போன் வரும், நான் போவேன். நிற்க வேண்டியதில்லை. உன் அத்தை சாமுண்டீஸ்வரி அந்தக் கார்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டி வைக்கிறாள். உங்கப்பா கேட்பது அதைத்தான்.

தீபாவளியன்று நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்காதே. சொன்னால் அக்காவுக்குக் கஷ்டம்.

நீ அந்த ட்யூப்லைட் பக்கம் போகாதே. ஃபியூஸ் இல்லை என்றாலும் போகாதே.

மாமா


மேனாம்பேடு
10.11.2025

அன்புள்ள மாமா,

நான் சிரிக்கவில்லை. இரண்டு எழுத்துப் பிழைதான் இருந்தது.

போன கோடையில் நாம் ஓடு தேர்ந்தெடுத்ததை நேற்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் மாடி அறையில் மின்விசிறி போட்டால் வெந்நீர் போலக் காற்று வரும். ராத்திரி சுவரில் கை வைத்தால் சுடும். "இந்த வருஷம் புள்ள பத்தாவது போவப்போவுது, இதுக்குள்ள எப்டி படிக்கும்" என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் அப்பா ஒப்புக்கொண்டார்.

அப்பா, தான் வேலை பார்க்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷின் சூடு பார்க்கும் கருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மதியம் இரண்டு மணிக்கு வெறும் காங்கிரீட் ஐம்பத்தொன்பது டிகிரி. நீங்கள் மாதிரிக்குக் கொண்டுவந்த சிவப்புக் களிமண் தட்டு ஓடு ஐம்பத்தொன்று. வழவழப்பான வெள்ளை ஓடு நாற்பத்து மூன்று, சொரசொரப்பான வெள்ளை நாற்பத்து நான்கு. அப்பா நாற்பத்து மூன்றுதான் வேண்டும் என்றார். "ஒரு டிகிரிக்கு ஆசப்பட்டு மழைல வழுக்கி உழுந்தா இடுப்பு போய்டும் மாமா" என்று நீங்கள் சொன்னீர்கள். தட்டு ஓடு தண்ணீரைக் குடிக்கும், பாசி பிடிக்கும், ஆனால் நிறம் போகும் கவலை இல்லை; வெள்ளையை வருஷத்துக்கு இரண்டு தடவை தேய்த்துக் கழுவாவிட்டால் எஸ்டேட் தூசி படிந்து அதுவும் சூடேறும் என்றும் சொன்னீர்கள். கடைசியில் சொரசொரப்பான வெள்ளையையே எடுத்தோம். எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாரண்டியை மட்டும் அப்போது யாரும் படிக்கவில்லை. பெட்டியில் பெரிதாகப் பத்து ஆண்டு என்று போட்டிருந்ததால் படிக்கத் தேவையில்லை என்று நினைத்தோம். இப்போது படித்துவிட்டேன். பத்து ஆண்டு என்பது ஓடு வெடிக்காது, நிறம் போகாது என்பதற்கு மட்டும். அதுவும் வருஷம் ஏற ஏறக் கிடைக்கும் தொகை குறையும். கசிவுக்கு ஐந்து ஆண்டுதான். அதற்கு, ஓட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்காமலிருக்கக் கம்பெனிப் பூச்சையே அடித்திருக்க வேண்டும், கார்டு மேஸ்திரி பதித்திருக்க வேண்டும், பூச்சு காய்ந்த பிறகு மாடி முழுவதும் மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பார்த்திருக்க வேண்டும், முப்பது நாளுக்குள் படிவம் அனுப்பியிருக்க வேண்டும். பில்லும் இருக்க வேண்டும்.

அந்தப் படிவத்தை நிரப்பியது நான். "மாடி முழுவதும் தண்ணீர் கட்டிச் சோதிக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு நான் ஆம் என்று டிக் அடித்தேன். முழுவதும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஓடு போடத் தொடங்கியபோது ஆடி பிறக்க மூன்று நாள்தான் இருந்தது. ஆடியில் வேலை ஆரம்பிக்கக்கூடாது, ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் நாலு ஓடாவது போட்டுவிட்டால் ஆரம்பித்ததாக ஆகிவிடும் என்று அப்பாவும் அம்மாவும் சொன்னார்கள். முந்தின நாள்தான் பூச்சு அடித்திருந்தீர்கள். விரல் வைத்தால் ஒட்டியது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். கடைசியில் ஈசானிய மூலையில் மட்டும் ஒன்பது ஓடு போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். பிறகு அந்த ஒன்பதைச் சுற்றிச் சிமெண்ட்டால் வரப்புக் கட்டிவிட்டு, மிச்ச மாடியில்தான் தண்ணீர் கட்டினீர்கள். மிச்ச மாடி ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

மாமா, நீங்கள் இதையெல்லாம் ஏன் அப்பாவிடம் திருப்பிச் சொல்லவில்லை? கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

பவ்யா


பட்டாபிராம்
16.11.25

பவ்யாவுக்கு,

நான்கு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன். வேலை முடிந்து வந்தால் விரல் மடங்குவதில்லை.

நீ எழுதியதெல்லாம் சரி. ஒன்றை விட்டுவிட்டாய். தண்ணீர் கட்டி முடித்த மறுநாள் நான் உளியோடு வந்தேன், அந்த ஒன்பதையும் பேர்த்துவிட்டு மறுபடி பூச்சு அடிக்கலாம் என்று. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அக்கா மாடிப்படியில் நின்றுகொண்டு விடவில்லை. "மஞ்சா குங்குமம் வெச்ச டைல்ஸுடா அது. பேத்து இன்னா பண்ணுவ, குப்பைல கொட்டுவியா" என்று கேட்டது. நான் உளியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேறு ஊடாக இருந்தால் பேர்த்திருப்பேன். வானகரத்தில் ஒரு ஆள் இதே போலக் கேட்டபோது வேலையே வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன். அக்கா ஊட்டில் மட்டும் சரி என்றேன். தப்பு என் தப்புதான். காகிதத்தில் எழுதியிருப்பது பொய் இல்லை.

தீபாவளியன்று அதைச் சொல்லியிருந்தால் உங்கப்பா அக்காவைத் திட்டுவார். அக்கா உங்கப்பாவைத் திட்டும். அப்புறம் அந்த மூலையில் என்னென்ன இருக்கிறது என்று பேச்சு வளரும். உன் கையால ஆரம்பித்த வேலை அது. அந்தப் பேச்சு வேண்டாம்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பென்சில் குறி மேலேயே போட்டிருக்கிறேன். வருகிறவரிடம் அப்பா கொடுக்கட்டும். மூலையைப் பற்றி நீ எதுவும் பேசாதே. அவர்கள் பேர்த்து, பூசி, புதிதாகப் போட்டுவிட்டுப் போவார்கள். நீ மேலே போய்ப் படி.

மறுபடி ஓ.டி.யில் நிற்பது ஒன்றும் புதிது இல்லை.

மாமா


மேனாம்பேடு
22.11.2025

அன்புள்ள மாமா,

இன்று ஆள் வந்துவிட்டுப் போனார். நடந்தபடியே எழுதுகிறேன். உங்களுக்குக் கோபம் வரும்.

அவர் பெயர் ஸ்ரீகாந்த். வயது இருபத்தைந்துதான் இருக்கும். திருநெல்வேலிப் பேச்சு. முதுகில் பை, கையில் ரப்பர் சுத்தியல். காலணியைக் கழற்றிவிட்டு மாடியில் ஏறி, ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே வந்தார். எல்லா ஓடும் கெட்டியான சத்தம் கொடுத்தது. ஈசானிய மூலைக்கு வந்ததும் சத்தம் மாறியது. ஒன்பதில் ஆறு கொஞ்சம் மந்தமாக ஒலித்தது. மூலைக் கோடியில் நாம் முதலில் வைத்த ஓடு மட்டும் காலிப் பானை போல ஒலித்தது. அவர் அதை மூன்று முறை தட்டினார்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் என் அறிவியல் நோட்டுக்குள் இருந்தது. கேட்கும்போது எடுத்துக்கொடு என்று அப்பா காலையிலேயே சொல்லியிருந்தார்.

அந்த ஓட்டைப் பேர்க்க வேண்டும் என்று ஸ்ரீகாந்த் சொன்னார். அம்மா அந்த ஓட்டின் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்து நின்றுவிட்டார். இரண்டு தட்டில் ஓடு முழுசாக வந்துவிட்டது. அடியில் அது இருந்தது.

மாமா, எல்லாவற்றையும் எழுதுவேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். இதை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

பூஜையன்று அம்மா என் கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கொடுத்தார். நவதானியமும் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் உள்ளே இருந்தன. கன்னிப் பெண் வைத்தால் நல்லது, முதல் ஓட்டுக்கு அடியில் வை என்றார். நீங்கள் கீழே கலவை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் வைத்தேன். முடிச்சு மேடாக இருந்ததால் ஓடு உட்காரவில்லை என்று, முழங்காலால் அழுத்தினேன். நான்கைந்து முறை அழுத்தினேன். நீங்கள் மேலே வந்து பார்த்துவிட்டு, "போதும் பாப்பா" என்று மட்டும் சொன்னீர்கள்.

தானியமெல்லாம் ஊறிக் கறுத்து, கூழாகிக் கிடந்தது. அப்படி ஒரு நாற்றம். துணி இருந்த இடத்தில் தண்ணீர் குட்டை போலத் தேங்கி இருந்தது. ஸ்ரீகாந்த் அதைத் துடைத்துவிட்டு, குனிந்து பார்த்தார். பூச்சில் வட்டமாக ஒரு வெட்டு. ஐந்து ரூபாயின் விளிம்பு. அளவெடுத்து வெட்டியது போல இருந்தது.

"இத யாரு வச்சது?" என்று கேட்டார்.

அப்பா, "மேஸ்திரிதான் சார்..." என்று ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார். காகிதத்தை எடு என்பதுதான் அந்தப் பார்வை. நோட்டு என் கையில்தான் இருந்தது.

நான், "நான்தான் சார் வெச்சேன். பூச்சு காயாததுக்கு முன்னாடியே போடச் சொன்னது நாங்க. மேஸ்திரி வேணாம்னாரு. ஃபாரத்துல டிக் அடிச்சதும் நான்தான்" என்று சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காகூட நின்றுவிட்டார். ஸ்ரீகாந்த் போட்டோ எடுத்தார், தாளில் எழுதினார். படிவத்தில் மேஸ்திரியின் கையெழுத்தும் இருப்பதால் கார்டு பற்றியும் மேலே எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை. நாணயத்தைத் தன் பாட்டில் தண்ணீரில் கழுவி என்னிடம் கொடுத்தார். பேர்த்த இடத்தில் ஒரு பாலிதீன் தாளை விரித்து நான்கு செங்கல் வைத்துவிட்டுப் போனார்.

வாரண்டி செல்லாது. அப்பா என்னோடு பேசவில்லை. காகிதம் இன்னும் நோட்டில்தான் இருக்கிறது.

பவ்யா


பட்டாபிராம்
28.11.25

பவ்யாவுக்கு,

கடையில் கூப்பிட்டு கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு. அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. காகிதத்தைக் கொடுத்திருந்தாலும் கார்டு போயிருக்கும். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். ஆனால் உங்க ஊடாவது நனையாமல் இருந்திருக்கும். இப்போது இரண்டும் போனது. நான் ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் காப்பாற்றலாம் என்று வைத்திருந்தேன். நீ அதைக் கலைத்துவிட்டாய். உனக்கு மனசு லேசாகியிருக்கும். எனக்கு ஆகவில்லை.

அந்த முடிச்சு அங்கே இருப்பது எனக்குத் தெரியும். தீபாவளியன்று அண்ணாந்து பார்த்தபோதே எந்த இடம் என்று தெரிந்தது. உன் பேர் வரக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அது இப்போது எதற்கும் ஆகவில்லை.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பொய் எழுதக்கூடாது என்பது நீ வைத்த சட்டம்தானே.

நேற்றும் இன்றும் ஓ.டி.யில் நின்றேன். நேற்று வேலை கிடைத்தது. இன்று மழை.

இனிமேல் எழுதாதே. அந்தப் பெண்ணையும் அலைய விடாதே.

ஞானசேகரன்


மேனாம்பேடு
29.12.2025

அன்புள்ள மாமா,

எழுதாதே என்று கடிதத்தில் சொன்னீர்கள். வெள்ளிக்கிழமை வேலை முடித்துப் போகும்போது, மழை பெய்தால் எழுது என்று வாசலில் சொன்னீர்கள். இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்று மழை பெய்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், நீங்கள் வருவதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்ரீகாந்த் வந்துபோன பிறகு பதினொரு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடும்போதுகூட, புள்ளைக்கு வை என்று அம்மாவிடம்தான் சொன்னார். பன்னிரண்டாம் நாள் வேலையிலிருந்து வந்ததும் அந்தக் காகிதத்தைக் கேட்டார். கம்பெனிக்கு அனுப்பத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கொடுக்காமல் இருக்கத் தைரியம் இல்லை, கொடுத்துவிட்டேன். அவர் அதைக் கீழறை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து வாய்விட்டுப் படித்தார். ஓர் இடத்தில் நின்றார்.

"கவனக்குறைவு. இந்த வார்த்த நானா சொன்னேன்?"

"நீங்க 'அவன் ஒழுங்கா போடல'ன்னு சொன்னீங்கப்பா. நான்தான் எழுத்துல மாத்தினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். காகிதத்தை மடித்துவிட்டு, "ரெண்டுமே பொய்தான்" என்றார்.

பிறகு என் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தரச் சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரும்பில் கோடு போடும் தட்டைப் பென்சிலால் அவரே எழுதினார். நான்கு தாள் வீணானது. தன் சொல்படிதான் ஒன்பது ஓடும் முதலில் போடப்பட்டது, மேஸ்திரி மறுத்தார், மறுபடி பேர்க்க வந்தவரையும் வீட்டில் தடுத்துவிட்டோம், கார்டைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதினார். அம்மா பெயரை எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. திருத்தித் தரவா என்று கேட்டேன். "உன் எழுத்தா இருந்தா அவங்க நம்பமாட்டாங்க" என்றார். அரை நாள் லீவு போட்டு கம்பெனியின் வானகரம் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். பதில் இன்னும் வரவில்லை. வரும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி உங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே இருவரும் என்ன பேசினீர்கள் என்று தெரியவில்லை. திரும்பி வந்து, "புதன்கெழம வர்றான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புதன் மார்கழி இரண்டு. அம்மா காலண்டரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், காலண்டரைத் திருப்பி வைத்துவிட்டார். நீங்கள் மேலே ஒன்பதையும் பேர்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் அம்மா ஒரு புது மஞ்சள் துணி கிழித்ததை நான் பார்த்தேன். பூச்சு காய்ந்து, மூன்று நாள் தண்ணீர் கட்டி, ஓடு வைக்கும் நாளன்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே வந்தார். நீங்கள் ஒருமுறை பார்த்தீர்கள். அம்மா கீழே இறங்கிப் போய்விட்டார். முடிச்சு இப்போது சாமி மாடத்தில் இருக்கிறது.

நீங்களும் அப்பாவும் அத்தனை நாளும் அளவு தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இன்னும் ரெண்டு சட்டி, அந்தக் கயிற்றைப் பிடி, ரசமட்டத்தைக் கொடு, அவ்வளவுதான். அப்பா கலவை தூக்கினார். முதல் ஓட்டை யார் வைத்தது என்று எழுதலாம் என்று இப்போது நினைத்துப் பார்த்தேன். எது முதல் ஓடு என்று யாருமே கவனிக்கவில்லை. நானும்தான்.

என்னோடு நீங்கள் ஒழுங்காகப் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தபோது வாங்கிக்கொண்டீர்கள். கோபம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. அது போய்விட்டதா என்று கேட்க மாட்டேன். நான் சொன்னது உங்களுக்கு நஷ்டம் என்பது உண்மை. சொல்லாமல் இருந்திருக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன்.

இன்று சாயங்காலம் ஐந்தரைக்கு மழை பிடித்தது. அப்பா ஆறு மணிக்கு நனைந்துகொண்டே வந்தார். தலையைத் துவட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்து மாட்டிவிட்டு நேராக மேலே போனார். தீபாவளிக்குப் பிறகு மாடி அறையில் இன்றுதான் விளக்கு எரிந்தது. நாங்கள் மூவரும் பாய் விரித்து, அண்ணாந்து உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை மணி நேரம் மழை. கழுத்து வலித்தது. அம்மா டீ கொண்டுவந்தார், அதையும் கூரையைப் பார்த்துக்கொண்டே குடித்தோம்.

பழைய கறை அப்படியே இருக்கிறது, பெரிதாகவில்லை. அப்பா ஸ்டூலில் ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கையை முகர்ந்தார், இறங்கினார். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஏறினார். மறுபடி ஏறினார்.

"நீ தொட்டுத் தொட்டே அத்த ஈரமாக்கிடுவ போல" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் நான்காவது முறை ஏறவில்லை. மழை விட்டது. ஒரு சொட்டும் இல்லை, மாமா. ட்யூப்லைட் பட்டியில் விரலால் தடவிப் பார்த்தேன் (அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான்), தூசிதான் வந்தது.

அம்மா கீழே போய்விட்டார். அப்பா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்கவில்லை. "ஒழுவலன்னு எழுது. அவன் போட்ட வேல நின்னுதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இப்போது சுவிட்ச் பக்கம் போகிறார். இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றேன், இனிமேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, வா என்கிறார்.

இந்தக் கடைசி வரி கோணலாக இருந்தால் காரணம் இதுதான்: விளக்கை அணைத்துவிட்டார்.

பவ்யா